கறிவேப்பிலைக்குத் தொட்டி மாத்துறீங்களா?

ஒக்கலிபுரத்துல சுவரோட சுவர் ஒட்டின வீடுங்கதான் ஜாஸ்தி. மண் தரைக்கு எங்க போறது? நம்ம ஊர்க்காரங்க வீட்டுக் கறிவேப்பிலை எல்லாம் மொட்டைமாடியில, பழைய பெயிண்ட் வாளியிலதான் வளருது. ரெண்டு மூணு வருஷம் போனதும் எல்லார்கிட்டயும் ஒரே புலம்பல்: "எவ்வளவு தண்ணி விட்டாலும் இலை சிறுத்துக்கிட்டே போகுதுங்க."

வாளியைக் கவிழ்த்துப் பாத்தா விஷயம் தெரியும். வேர் சும்மாடு மாதிரி சுத்திச் சுத்திக் கிடக்கும். தண்ணி நிக்க மண்ணே இருக்காது.

இதுக்கு வழக்கமா சொல்ற யோசனை, "வேர்ல கைபடாம அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில வெச்சுடு". எனக்கு இதுல சம்மதமே இல்லை. சுருண்ட வேர் தானா நிமிராது. புதுத் தொட்டிக்குள்ளயும் அதே வட்டத்துலதான் தடிக்கும். நர்சரி செடின்னா இன்னும் மோசம். லால்பாக் மலர்க் காட்சியிலயோ சித்தாபுரா நர்சரியிலயோ வாங்குறது பெரும்பாலும் செம்மண் உருண்டையோட வரும். அதைத் தேங்காய் நார்த்தூள் கலவையில அப்படியே வெச்சா, விட்ட தண்ணி உருண்டையைச் சுத்திக்கிட்டு கீழ ஓடிடும். உருண்டை உள்ள காய்ஞ்சே கிடக்கும்.

கறிவேப்பிலை வேர் வெட்டுக்கு அவ்வளவு சீக்கிரம் பயப்படாது. அடிபட்ட இடத்துலேர்ந்து பக்கக்கன்று விடுற ஜாதி அது. அதைக் கொல்றது வெயில்தான். தண்ணி உறிஞ்சுற மெல்லிசு வேர் காத்துல பட்டா சில நிமிஷத்துலயே காய்ஞ்சுடும். அதனால சாயங்காலம், நிழல்ல, ஈரத்துணி பக்கத்துல வெச்சுக்கிட்டு செய்யுங்க.

முந்தின நாளே நல்லா தண்ணி விட்டுடணும். தண்டைப் பிடிச்சு இழுக்காதீங்க; ஓரமா கத்தி விட்டுச் சுத்திட்டு, கவிழ்த்துத் தட்டுங்க. வாய் குறுகின மண்தொட்டின்னா யோசிக்காம உடைங்க, தொட்டி போனா நூறு இருநூறு ரூபாதான். அடியில இருக்கிற சுருளை வெட்டி எடுத்துட்டு, பக்கவாட்டுல நாலு இடத்துல மேலிருந்து கீழா லேசா கீறி, விரலால கலைச்சு விடுங்க. கால் பங்கு வேருக்கு மேல எடுக்க வேண்டாம். (காகிதப்பூவுக்கு இந்த வைத்தியம் ஆகாது. அது நிஜமாவே தொட்டாச்சிணுங்கி :-))

புதுத் தொட்டி ரெண்டு அங்குலம் பெருசா இருந்தா போதும். ஒரேயடியா பெரிய தொட்டின்னா, வேர் எட்டாத மண் ஈரமாவே நின்னு அழுக ஆரம்பிக்கும்.

இங்க கோடை மழைக்கப்புறம் செய்யுங்க, மார்கழிக் குளிர்ல வேண்டாம். நியூஜெர்சி, டொராண்டோ மக்கள் குளிர்காலம் முடிஞ்சு துளிர் வர்ற வரைக்கும் பொறுக்கணும். ஒரு வாரம் நிழல், ஒரு மாசம் உரமே கூடாது. வேர் குறைஞ்சதால இலையையும் கொஞ்சம் கிள்ளி விடணும். அன்னிக்குத் துவையல் அரைச்சுக்கலாம்.