சோர்வும் சோம்பலும் ஒன்றல்ல!



நம் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர் அறையில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறோம். இதய மருந்து மாறிய பின் வரும் சோர்வைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. காரணம் எனக்கு விளங்காமலில்லை. பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் நம் பெற்றோர் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்கள். வேலைக்கு இறங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. 'அசதியாக இருக்கிறது' என்று சொன்னவருக்குச் சோம்பேறிப் பட்டம்தான் கிடைத்தது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அந்தப் பட்டத்திற்கு அஞ்சும் பழக்கம் மட்டும் மாறவில்லை.

சென்ற ஆண்டு எனக்கு 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை ஒன்று புதிதாகத் தரப்பட்டது. மூன்றாம் நாளிலிருந்து காலில் ஈரமணல் மூட்டையைக் கட்டியது போன்ற உணர்வு. மதியப் பாடவேளைகளில் நாற்காலியைத் தேடினேன். மாணவர்கள் கண்டுகொண்டார்கள்; அவர்களிடம் எதை மறைக்க முடியும்?

இம்மாத்திரை செய்வது இதுதான். அட்ரினலின் என்னும் சுரப்புநீர் இதயத்தை விரட்டாதபடி தடுக்கிறது. துடிப்பு குறைகிறது, இதயத்தின் வேலைப்பளு தணிகிறது. ஆனால், படியேறும்போதோ திடலில் ஓடும்போதோ துடிப்பு வழக்கம்போல் உயராது. அதனால் உடல் விரைவில் களைக்கிறது. இவ்வகை மருந்தை 1960களில் உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக், 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவர். 1988இல் நோபல் பரிசு பெற்றார். நம் பக்கத்து ஊரில் கற்பித்த ஓர் ஆசிரியர் என்பதில் எனக்குச் சிறு பெருமை!

பலருக்கு இச்சோர்வு சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாவிட்டால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். எனக்கு அளவு பாதியாக்கப்பட்டது. இரவில் உட்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் பழைய நிலைக்குப் பெரும்பாலும் திரும்பினேன்.

எல்லாச் சோர்வையும் மாத்திரையின் தலையில் கட்டவும் கூடாது. பதினைந்து ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த அமெரிக்கக் கட்டுரை ஒன்று, இம்மருந்தை ஓராண்டு உட்கொள்ளும் 57 பேரில் ஒருவருக்கே மருந்தினால் கூடுதலாகச் சோர்வு ஏற்படுவதாகக் கணக்கிட்டது. இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, தூக்கமின்மை, நீர் பிரியும் மாத்திரையால் குறையும் பொட்டாசியம், ஏன், இதயமே தளர்வது என்று வேறு காரணங்களும் உண்டு. சொன்னால்தானே பரிசோதிப்பார்கள்?

நான் அஞ்சுவது வேறொன்றை. நம்மவர்கள் மருத்துவரிடம் சொல்லமாட்டார்கள். மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவார்கள். 'அதைச் சாப்பிட்டால் அசதி, விட்டால் நன்றாக இருக்கிறது' என்று பெற்றோர் ஒருவர் என்னிடமே பெருமையாகச் சொன்னார். இவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் துடிப்பு எகிறும். நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். குறைப்பதானால் படிப்படியாக, மருத்துவர் சொல்படிதான்.

இம்மருந்து ஆயுள் முழுதும் வேண்டுமா என்பது நியாயமான கேள்வியே. மாரடைப்புக்குப் பின்னும் இதயத்தின் இறைப்புத்திறன் குறையாதவர்களுக்கு இதனால் பெரிய பயனில்லை என்று 2024இல் சுவீடன் ஆய்வாளர்கள் கூறினர். அதே ஆண்டு பிரான்சில் நடந்த ஆய்விலோ, நிறுத்தியவர்கள் இதயக் கோளாறுக்காக மருத்துவமனைக்குத் திரும்புவது கூடியிருந்தது. நிபுணர்களுக்கே இன்னும் முடிவாகாத ஒன்றை நாம் சமையலறையில் தீர்மானிப்பது எப்படி?

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இம்மாத்திரை மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. காரணமின்றி வியர்த்தால் உடனே அளந்து பாருங்கள். மயக்கம், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் இவை சோர்வுக் கணக்கில் சேரா. காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்க.

நான் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் தேதி, மாத்திரையின் பெயர், அளவு, காலை நாடித்துடிப்பு, எந்நேரம் களைப்பு என்று குறித்து வந்தேன். மருத்துவருக்கு அது என் பேச்சைவிடப் பயன்பட்டது. மாலையில் ஏரிப் பூங்காவில் மெதுவாக நடந்தேன். அங்குத் தண்ணீரின்மேல் சாய்ந்து நிற்கும் பெருமரங்களுக்குத் தூங்குமூஞ்சி மரம் என்று பெயர். அப்போது எனக்குப் பொருத்தமான துணைதான்!

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்து மாறிய ஆசிரியருக்கு அம்மாதம் மட்டும் கீழ்த்தள வகுப்பைக் கொடுங்கள். திடல் பொறுப்பை இன்னொருவரிடம் மாற்றுங்கள். பெற்றோர்களே, மூன்று மாதத்திற்கொரு முறை தாத்தா பாட்டியைக் கிளினிக்கில் இறக்கிவிட்டுப் போய்விடாமல், ஒருமுறையாவது உள்ளே சென்று உடன் அமருங்கள். 'எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்' என்று அவர்கள் முடித்துக்கொள்ளும் முன், வீட்டில் நீங்கள் கண்ட சோர்வை நீங்கள் சொல்லலாம்.