முந்நூறு ஆண்டு சிமெண்ட்

சேந்தமங்கலத்தில் தளம் போட்டால், ஈரச் சாக்கு விரித்துப் பல நாள் தண்ணீர் விடுவார்கள். சிமெண்ட் இறுகத் தண்ணீர்தான் உயிர். கல்பாக்கம் அணுசக்தி வளாகத்தில் அதே தண்ணீர்தான் கவலை. அங்கே குறைந்த கதிரியக்கமுள்ள கழிவுகளைச் சிமெண்டோடு கலந்து இறுகவைக்கிறார்கள். இறுகிய பிறகும் நுண்துளைகளில் ஈரம் தங்கும். காமா கதிர் பட்டால் அந்த நீர் பிளந்து ஹைட்ரஜன் வாயு வரும். கதிர் மிகுந்தால் அழுத்தம் கூடி விரிசல் விழலாம். கடுங்கதிர்க் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி அடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சரியான முடிவு அது. குறைந்த கதிர்க் கழிவைச் சிமெண்ட் தாங்கும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அக்கழிவில் உள்ள கதிரியக்கச் சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்க 300 ஆண்டு. வெறும் சிமெண்டில் சீசியம் நிற்காது. வெர்மிகுலைட், பென்டோனைட் போன்ற கனிமங்களைச் சேர்த்துத்தான் பிடித்துவைக்க வேண்டும். ஆய்வகத்தில் சில மாதம் நீரில் ஊறிய கட்டியை மட்டும் பார்த்து மூன்று நூற்றாண்டைக் கணிக்கக் கூடாது. கழிவோடு மாதிரிக் கட்டிகளையும் வைத்து, பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்து அறுத்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு கசிந்தது என்ற கணக்கை கல்பாக்கம் கடற்கரையோர மீனவர் குப்பங்களில் தமிழில் ஒட்ட வேண்டும்.