முழங்கால் மடங்கிய பிறகுதான் சான்றிதழா?



எங்கள் மாலைநேரப் பாடசாலைக்கு வரும் ஒரு சிறுமி. வயது ஏழு, எடை பதினைந்து கிலோ. தினமும் காய்ச்சல் ஏறி இறங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரம் கால் நீட்ட முடியாது. பள்ளிக்கூடத்தில் "வராமலிருக்க நடிக்கிறாள்" என்றார்கள். அவள் நோய்க்குப் பெயர் கிடைக்க ஓர் ஆண்டு ஆனது. காய்ச்சலோடு வரும் இளஞ்சிவப்புத் தடிப்பு இந்த நோயின் முக்கியமான அடையாளம். ஆனால் நம் கறுத்த தோலில் அது எளிதில் தெரிவதில்லை. தெரியாததை யாரும் தேடவுமில்லை.

அந்த நோய் இளம்பருவ மூட்டுவாதம். 16 வயதுக்குள் தொடங்கி, வேறு காரணம் இல்லாமல் 6 வாரமாவது நீடிக்கும் மூட்டு வீக்கத்துக்கு இந்தப் பெயர். உடலின் எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குகிறது. அதில் உடல் முழுவதையும் பாதிக்கும் வகை அவளுக்கு. ஸ்டீராய்டு காய்ச்சலை அடக்கும். ஆனால் நீண்ட நாள் கொடுத்தால் வளர்ச்சி குன்றும், எலும்பு பலவீனமாகும். மலிவான மெத்தோட்ரெக்ஸேட் மற்ற வகைகளில் நன்றாக உதவுகிறது. இந்த வகையில் பல நேரம் போதுவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த டோசிலிசுமாப் என்ற உயிரியல் மருந்து, வீக்கத்தைத் தூண்டும் இன்டர்லூகின்-6 என்ற புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. இந்த நோய்க்கு ஜப்பான் 2008இலும் அமெரிக்கா 2011இலும் அதை அனுமதித்தன. 30 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு கிலோவுக்கு 12 மில்லிகிராம்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் நரம்பு வழியாக ஏறும். முன்னதாகக் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். இது நோயை வேரறுக்கும் மருந்து அல்ல. ஆனால் ஓடி விளையாடும் காலைத் திருப்பித் தரக்கூடியது.

கணக்குப் போடுங்கள். நம் சிறுமிக்கு ஒருமுறைக்கு 180 மில்லிகிராம், ஆண்டுக்கு 26 முறை. 26 நாள் அம்மாவின் கூலி போகும். 26 முறை பேருந்து ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். மருந்து விலை அதற்கு மேல். தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. வயலில் நாற்று நடுகிறவளுக்கு அது இல்லை. வயலில் நிற்பவர்கள் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அரசிடம் பணமில்லை" என்பார்கள். 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் இதே டோசிலிசுமாப்புக்கு நாடே அலைந்தது. அப்போது ஒன்றிய அரசே மாநிலங்களுக்குப் பங்கிட்டது. ஜூன் மாதம் ஜி.எஸ்.டி. கவுன்சில் வரியைச் சுழியமாக்கியது. டிசம்பர் வரை அந்தச் சலுகை நீடித்தது. செப்டம்பரில் ஐதராபாத் நிறுவனம் ஒன்றின் ஒத்த மருந்துக்கு அவசர அனுமதியும் கிடைத்தது. வேகமாகச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? அந்த அவசரம் ஏன் ஒரு குழந்தையின் முழங்காலுக்கு இல்லை என்பதே நம் கேள்வி.

ரயிலிலிருந்து விழுந்த விவசாயக் கூலி ஒருவரை அரசு மருத்துவமனைகள் வரிசையாகத் திருப்பி அனுப்பிய வழக்கில், 1996இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: நிதி இல்லை என்று காரணம் காட்டி, உயிர் காக்கும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாது. அது அவசர சிகிச்சை வழக்கு என்று வாதிடலாம். வளரும் எலும்புக்கு ஒவ்வொரு மாதமும் அவசரம்தான் என்பது நம் பதில்.

இன்னொரு கொடுமையும் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. இட ஒதுக்கீடு போன்ற முக்கியப் பலன்களுக்கு 40 விழுக்காடு பாதிப்பு வேண்டும். அதாவது மூட்டு கெட்டுப்போன பிறகு சான்றிதழ். கெடாமல் காக்க யாரும் பொறுப்பில்லை. குழியில் விழுந்தபின் கைகொடுப்பது இரக்கம். குழியை மூடுவதே உரிமை.

நாம் கேட்பது இவைதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து மருந்துகளை மொத்தமாக வாங்கி விலையைக் குறைத்துக் காட்டியிருக்கிறது. இந்த ஒத்த மருந்துகளையும் அதே வழியில் வாங்கட்டும். மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் வாரம் ஒருநாள் குழந்தைகளுக்கு இந்த மருந்தை ஏற்ற ஏற்பாடு வேண்டும். உடன்வரும் தாய்க்குப் பயணச் செலவும் அன்றைய கூலியும் வேண்டும். நோய் உறுதியான நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு வேலைகள். உங்கள் மாவட்ட மருத்துவமனையில் எந்த உயிரியல் மருந்து இருப்பில் உள்ளது, கடந்த ஆண்டு எத்தனை குழந்தைகளுக்குத் தரப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். உங்கள் தெருவில் காலையில் நொண்டி, மதியம் சரியாகிவிடும் பிள்ளை இருந்தால், "நடிக்கிறது" என்று சொல்ல விடாதீர்கள். உடனே குழந்தைகள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எங்கள் சிறுமி இப்போது நகரத்து மருத்துவமனைக்குப் போய் வருகிறாள். இதுவரை நான்கு முறை மருந்து ஏறியிருக்கிறது, தோழர்கள் திரட்டிய பணத்தில். ஐந்தாவதுக்கு இன்னும் பணம் சேரவில்லை. நன்கொடையால் 26 முறை போக முடியாது. அரசுதான் போக வைக்க வேண்டும்.