அம்மாவைப் பார்த்த நாட்களுக்குக் கணக்கில் இடமில்லையா?

போன மாசம் சித்தி ரொறன்ரோவில இருந்து தன்ர பாஸ்போட் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினா. "நீ படிக்கிற பிள்ளைதானே, இந்த நாளுகளை ஒருக்கா எண்ணிச் சொல்லு" எண்டா.

கனடாவில் நிரந்தர வதிவிடம் உள்ளவர் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதென்றால், அதற்கு முந்தைய 5 ஆண்டுகளில் 1,095 நாட்கள் அங்கே நேரில் இருந்திருக்க வேண்டும். சித்திக்கு வந்தது 1,006. மிச்சம் 820 நாளும் யாழ்ப்பாணத்தில், பாரிசவாதம் வந்து படுத்த அம்மம்மாவின் கட்டிலடியில் கழிந்தவை.

"89 நாள்தானே, மூண்டு மாசம் பொறுத்தால் சரி" என்றார்கள் வீட்டில். சரிவராது. அந்த 5 ஆண்டுக் கணக்கு எங்களோடு சேர்ந்து நகர்கிறது. புதிதாக ஒரு நாள் சேரும்போது பின்னால் ஒரு நாள் கழன்றுவிடும். கழன்று போவதும் சித்தி கனடாவில் இருந்த நாளென்றால் கூட்டுத்தொகை அசையாது. ஊரில் நின்ற நாட்கள் கழரத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதற்குள் அம்மம்மாவுக்கு இன்னொருக்கா ஏலாமல் வந்தால்?

ஒரு நாட்டுக்கு ஏதோ ஒரு அளவுகோல் வேணும்தானே என்று கேட்பீர்கள். வேணும். முன்பு அது தெளிவாக இருக்கவில்லை. 1978இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போன மாணவர் ஒருவரின் வழக்கில், அவருடைய வாழ்க்கையின் மையம் கனடாதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பிறகு வந்த வேறு நீதிபதிகள் நாளை மட்டும் எண்ணினார்கள். யார் முன்னால் கோப்பு போகிறதோ, அதைப் பொறுத்தது முடிவு. அதைவிட ஒரு தெளிவான எண் நல்லது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த எண்ணும் கல்லில் வெட்டியதல்ல. 2014இல் கொண்டுவந்த சட்டம் அதை 6 ஆண்டுக்கு 4 என்று ஏற்றியது. 2017இல் அது 5 ஆண்டுக்கு 3 ஆனது. விதிவிலக்குகளும் இருக்கின்றன. கனடா அரச ஊழியராக வெளிநாட்டில் வேலைக்கு அனுப்பப்பட்டவரின் நாட்கள் குடியுரிமைக் கணக்கில் சேரும். நிரந்தர வதிவிடத்தைத் தக்கவைக்க 5 ஆண்டில் 730 நாள் வேண்டும். கனேடிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் முழுநேர வேலைக்கு அனுப்பியிருந்தால் அந்த நாட்கள் இந்தக் கணக்கில் சேரும். அம்மாவுக்குச் சோறு ஊட்டிய நாள்? இரண்டு கணக்கிலும் அது வெறும் 'இல்லாத நாள்'. மனிதாபிமானம் பாருங்கோ என்று கெஞ்சலாம், அவ்வளவுதான். கொம்பனிக்குப் போனால் உரிமை, தாயிட்டப் போனால் இரக்கம்.

எங்கட ஆக்களும் குறைந்தவர்கள் இல்லை. "ஆர் உவவை இவ்வளவு நாள் போய் நிக்கச் சொன்னது?" என்று கேட்பவர்கள் மாமாமார். அவர்களுக்குக் குடியுரிமை எப்பவோ கிடைத்துவிட்டது. இனி 20 வருசம் கொழும்பில் இருந்தாலும் அவர்களுடைய நாளை ஒருத்தரும் எண்ணப் போவதில்லை. அவர்கள் காசு அனுப்பினார்கள். பீ மூத்திரம் அள்ளினது சித்தி. வீட்டுக்குள்ளேயே யாருடைய நாள் மலிவென்று முடிவெடுத்துவிட்டு, சட்டத்தை மட்டும் நோகேலாது.

நான் கேட்பது பெரிய சலுகை இல்லை. அரச ஊழியருக்கு எழுதிய அதே தெளிவோடு, நோயாளியான பெற்றோரைப் பராமரித்த நாளுக்கும் ஒரு வரி எழுதலாம். வைத்தியசாலைத் துண்டு இருக்கிறது, கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது. எண்ணத் தெரிந்த அரசுக்கு இதையும் எண்ணத் தெரியும்.

சித்திக்கு 1,006 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா: "அம்மா இண்டைக்குச் சாப்பிட்டவவோ?"