தோட்டா துளைக்காத நினைவுப் பலகை

1955 ஆகஸ்டில் மிசிசிப்பியில் கொல்லப்பட்டு டலஹாச்சி ஆற்றில் வீசப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லுக்கு வயது 14. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு கொலையாளிகளை விடுவித்தது. மறு ஆண்டே அவர்கள் பத்திரிகையொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர், ஆயினும் தண்டிக்கப்படவில்லை.

உடல் மீட்கப்பட்டதாகக் கருதப்படும் ஆற்றங்கரையில் 2008இல்தான் நினைவுப் பலகை நடப்பட்டது. அது பெயர்த்தெடுக்கப்பட்டது, அடுத்த இரண்டும் துப்பாக்கியால் சுடப்பட்டன. 2019இல் நிறுவப்பட்ட நான்காவது பலகை குண்டு துளைக்காதது.

கொலையைவிடக் கொலையின் பதிவே ஆதிக்கத்தை உறுத்துகிறது. அம்பேத்கர் சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் தமிழகத்துக்கு இது அந்நியக் கதையன்று. எஃகும் கூண்டும் அடையாளத்தைக் காக்கலாம். வரலாற்றைக் காப்பது, உள்ளூர்ப் பள்ளிகளிலும் அதைக் கற்பிக்கச் செய்யும் போராட்டமே.