கணினி இருக்கக் கணக்கு எதற்கு?



"செல்பேசியில் கணக்கைப் படம் பிடித்தால் விடை வந்து நிற்கிறது. இனி எதற்கு இந்த மண்டையைப் பிளக்கும் கணக்கு?" இக்கேள்வி இன்று நம் வீடுகளில் மட்டுமன்று, பேருந்திலும் கேட்கிறது, ஏன், நம் வகுப்பறையிலேயே கேட்கிறது. அதிலும் பெண்பிள்ளைகளிடம்தான் இது சற்று அழுத்தமாகக் கேட்கப்படுகிறது. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுக் கணிதம் உள்ள முதல் பிரிவு கேட்கப் போகிறோம் என்று நாங்கள் வாயெடுத்தால் போதும், "எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்துவிடும், நீ வேறு எதையாவது எடு" என்று அறிவுரை கூறப் பத்துப் பேர் முன்வருகின்றனர். இவ்வறிவுரை சரியா? சரியன்று என்பதே எங்கள் கருத்து. அதனை அலைகளைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

கரிசல்காட்டுப் பிள்ளைகளுக்கும் அலைக்கும் என்ன தொடர்பு என்று நகைக்க வேண்டா. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண் எங்களுடையது. கடலைக் காண வேண்டுமென்றால் கோவில்பட்டியிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. பயணம் செய்து தூத்துக்குடிக்குப் போக வேண்டும். ஆயினும் அலைக் கணக்கின் முதற் பாடத்தை இந்தக் கரிசல் மண்ணே கற்றுத் தருகிறது. கடைவீதியில் ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் 10 ரூபாய் என்றால் இரண்டு பாக்கெட் 20 ரூபாய். (2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பிறகும் இந்தப் பெருக்கல் மாறவில்லை!) இப்படி ஒன்றை இருமடங்காக்கினால் மற்றதும் இருமடங்காவதை நேரியல் என்பர். ஆனால் ஐப்பசியில் நல்ல மழை பெய்து உளுந்து தழைத்து நிற்கும்போது அதே மழை இருமடங்காகப் பெய்தால் மகசூலும் இருமடங்கு ஆகுமா? கரிசல் மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும், வேர் அழுகும், போட்ட விதையும் போய்விடும். எங்கள் தாத்தாமார் இதனை நன்கறிவர். அவர்கள் அறிந்த இதைத்தான் கணித நூலார் நேரியலற்றது என்கின்றனர்.

அலைகளும் இவ்விரு வகையின. கண்மாயில் இரண்டு சிறு கற்களை எறிந்தால் இரு வளையங்களும் ஒன்றையொன்று ஊடுருவிச் செல்கின்றன. சந்திக்கும் இடத்தில் ஒன்றின் உயரத்தோடு மற்றொன்றின் உயரத்தைக் கூட்டினால் போதும். இது எளிய கணக்கு. அலை பெரிதாகிவிட்டால் இந்தக் கூட்டல் விதி முறிந்துவிடுகிறது. அலையின் உயரமே அதன் வேகத்தை மாற்றத் தொடங்குகிறது. அவ்வலைக்குரிய சமன்பாடுதான் நேரியலற்ற அலைச் சமன்பாடு. கணினியிடம் கொடுத்தால் இந்த இடத்தில், இந்த நொடியில், இவ்வளவு உயரம் என்று ஆயிரக்கணக்கில் எண்களைக் கொட்டும். ஆனால் எந்த இடத்திற்கும் எந்த நேரத்திற்கும் பொருந்தக்கூடிய ஒரே சூத்திரம் கிடைத்தால்? அதற்குத்தான் துல்லியத் தீர்வு என்று பெயர். அதனைத் தேடிய கதை சுவையானது.

1834 ஆகஸ்டு மாதம். ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகே யூனியன் கால்வாயில் இரு குதிரைகள் இழுத்து வந்த படகு திடீரென நின்றது. படகு நின்றதே தவிர, அது தள்ளி வந்த நீர் நிற்கவில்லை. முன்புறம் திரண்டு, ஒரே ஒரு மேடாக உருண்டோடத் தொடங்கிற்று. நீளம் ஏறத்தாழ 30 அடி. உயரம் ஓர் அடி முதல் ஒன்றரை அடி. அதைக் கண்ட ஜான் ஸ்காட் ரஸ்ஸல் என்ற பொறியாளர் குதிரையில் அதனைப் பின்தொடர்ந்தார். மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகத்தில், வடிவம் குலையாமல் அது ஓடிற்று. ஓரிரு மைல் சென்ற பின்னரே கால்வாயின் வளைவுகளில் அவர் கண்ணுக்குத் தப்பிற்று. ரஸ்ஸல் விடவில்லை. வீட்டிலேயே தொட்டி அமைத்துச் சோதித்து ஒரு விதி கண்டார். நீரின் ஆழத்தையும் அலையின் உயரத்தையும் கூட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் அதுவே அலையின் வேகம்.

தோழியரே, இதனை நாமே போட்டுப் பார்க்கலாம். ஆழம் 1.2 மீட்டர், அலையின் உயரம் 0.4 மீட்டர் என்று கொள்வோம். கூட்டினால் 1.6. பத்தால் பெருக்கினால் 16. வர்க்கமூலம் 4. வினாடிக்கு 4 மீட்டர் என்றால் மணிக்கு 14.4 கி.மீ.; அதாவது ஒன்பது மைலுக்குச் சற்றுக் குறைவு! கணினியும் வேண்டாம், கால்குலேட்டரும் வேண்டாம். ரஸ்ஸலின் குதிரை ஓடிய வேகம் நம் நோட்டுப் புத்தகத்தில் வந்துவிட்டது.

அக்காலப் பேரறிஞர் சிலர் இப்படியோர் அலை இருக்கவே முடியாது என்றனர். 1895-ல் ஹாலந்து நாட்டின் கோர்ட்டவெக், டி விரீஸ் ஆகிய இருவரும் ஒரு சமன்பாட்டை எழுதி, அதன் துல்லியத் தீர்வாகவே இவ்வலையைக் காட்டினர். (டி விரீஸ் வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பதை அறிந்தால் எங்கள் கணித டீச்சர் மகிழ்வார்கள்.) அந்தச் சூத்திரம் எண்களை மட்டும் தருவதில்லை. உயர்ந்த அலை வேகமாக ஓடும், அகலம் குறைந்தும் இருக்கும் என்று ஒரே வரியில் சொல்கிறது. அலையைப் பரப்பிக் கலைக்கும் போக்கும், அதை நிமிர்த்திச் செங்குத்தாக்கும் போக்கும் சரிசமமாக நின்று இழுப்பதால்தான் வடிவம் குலையவில்லை என்ற காரணத்தையும் காட்டுகிறது. கணினி தரும் பத்தாயிரம் எண்களில் இந்தக் காரணம் எந்த எண்ணில் இருக்கிறது என்று யாரால் சுட்ட முடியும்?

இங்கே கணினியின் கட்சிக்காரர்கள் ஒன்று சொல்லக்கூடும். அதையும் மறைக்க மாட்டோம். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஃபெர்மி, பாஸ்தா, உலாம் என்ற மூவர் மேனியாக் என்னும் பழைய கணினியில் ஒரு சோதனை நடத்தினர். வரிசையாகச் சுருள்வில்லில் கோத்த எடைகள். வில்கள் நேரியல் விதியைச் சற்றே மீறுபவை. ஓர் அசைவில் கொடுத்த ஆற்றல் காலப்போக்கில் எல்லா அசைவுகளுக்கும் பங்காகிவிடும் என்று எதிர்பார்த்தனர். ஆனால் அது சில அசைவுகளுக்குள்ளேயே சுற்றிவிட்டு, ஏறத்தாழ முழுவதும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது. என்னே விந்தை! 1955-ல் அறிக்கை வெளிவந்தது. விளக்கம் மட்டும் வரவில்லை. 1965-ல் ஜபுஸ்கி, குருஸ்கல் இருவரும் அதே கோர்ட்டவெக்–டி விரீஸ் சமன்பாட்டைக் கணினியில் ஓட்டி, தனியலைகள் மோதிய பின்னும் வடிவம் மாறாமல் பிரிந்து செல்வதைக் கண்டு, 'சாலிட்டான்' என்று பெயரிட்டனர். ஆம், கண்டது கணினியில்தான். ஆயினும் அது தற்செயலா, என்றும் நடப்பதா என்று கணினியால் கூற இயலவில்லை. 1967-ல் கார்ட்னர், கிரீன், குருஸ்கல், மியூரா ஆகியோர் துல்லியத் தீர்வு காணும் பொதுவழி ஒன்றைக் கண்டுபிடித்த பின்னரே, தொடக்க வடிவத்தைப் பார்த்ததும் அதிலிருந்து எத்தனை தனியலைகள் பிரியும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது.

அந்த 1955 அறிக்கையைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. கணினிக்கு வேண்டிய நிரலை எழுதி ஓட்டியவர் மேரி சிங்கூ என்ற பெண்மணி. அறிக்கையை எழுதியோராக மூன்று ஆண்களின் பெயர்கள். அடிக்குறிப்பில் அவருக்கு ஒரு வரி நன்றி. 2008-ல் பிரெஞ்சு அறிவியலார் தியெரி தோஷுவா அவரைப் பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்! "கம்ப்யூட்டர் செய்துவிடும்" என்று நம்மிடம் கூறுவோர், அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தவரே கணிதம் படித்த ஒரு பெண் என்பதையும் சேர்த்துக் கூறலாமே.

இவையெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு எட்டுமா என்று ஐயுற வேண்டியதில்லை. 1974-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பி.எம். மாத்யூஸ், அவருடைய மாணவர் மு. லட்சுமணன் இருவரும் ஒரு நேரியலற்ற அலைவுக்குத் துல்லியத் தீர்வு கண்டனர். நாம் படிக்கும் ஊசலில் வீச்சு சிறிதாக இருக்கும்வரை அலைவு நேரம் மாறாது. அவர்கள் கண்ட அலைவும் நம் பாடத்தில் வரும் அதே சைன் வடிவந்தான். ஆனால் வீச்சு மாறினால் அலைவு நேரமும் மாறிவிடும். அத்துணைச் சிக்கலான சமன்பாட்டிலிருந்து இத்துணை எளிய விடையா என்று வியப்பாக இருக்கிறது. பின்னர் 1977-ல் லட்சுமணன் செய்தது எங்களை இன்னும் கவர்ந்தது. காந்தத்திற்குள் வரிசையாக நிற்கும் சின்னஞ்சிறு காந்த ஊசிகள் ஒன்றையொன்று திருப்ப, அத்திருப்பம் அலையாக ஓடுகிறது. அந்தச் சமன்பாட்டை அவர், நெளிந்து நகரும் ஒரு வளைகோடாக உருவகித்துப் பார்த்தார். கோடு எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்குகிறது என்று எழுதிச் சென்றால், நேரியலற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு என்னும் வேறொன்று வந்து நிற்கிறது! அதனையோ 1972-லேயே ஜகாரவ், ஷபாத் என்ற ருஷியர் இருவர் தீர்த்துவிட்டிருந்தனர். ஒரு பூட்டுக்குச் செய்த சாவி மற்றொரு பூட்டையும் திறந்துவிட்டது. கண்ணாடி இழை வழியே ஓடும் ஒளித்துடிப்புக்கும் அதே சமன்பாடு பொருந்தும் என்று ஹசேகவா, டாப்பர்ட் 1973-ல் கூறியிருந்தனர். 1980-ல் சோதனையில் அது மெய்யாயிற்று. இன்று நாம் செல்பேசியில் படம் பார்ப்பது இத்தகைய இழைகளின் வழியே வரும் ஒளியால்தான். லட்சுமணன் பின்னர் திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை வளர்த்தார். திருச்சி நமக்குச் சில மணி நேரப் பயணந்தான்.

கடலுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று நாங்கள் பிறந்திருக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இலங்கை குறுக்கே நின்றதால் நம் தூத்துக்குடிக் கரை ஓரளவு தப்பியது, நாகப்பட்டினம் தப்பவில்லை. 4000 மீட்டர் ஆழமுள்ள கடலில் சுனாமியின் வேகம் என்ன? அலையின் உயரம் ஆழத்தின் முன் ஒன்றுமில்லை, விட்டுவிடலாம். 4000 பெருக்கல் 10, வர்க்கமூலம் 200. மணிக்கு 720 கி.மீ.! கரையருகே ஆழம் 10 மீட்டரானால் மணிக்கு 36 கி.மீ. முன்னே செல்வது தயங்க, பின்னே வருவது ஏற, நீர் மதிலாக எழும்புகிறது. அந்தச் சுனாமி தனியலைதானா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தனியலையாக உருவாக அந்தக் கடல் அகலம் போதாது என்பாரின் வாதமே எங்களுக்கு வலுவாகத் தெரிகிறது.

ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கிவரும் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் கணினிகளை நம்பித்தான் நடக்கிறது. நடக்கவும் வேண்டும். பெரும்பாலான நேரியலற்ற சமன்பாடுகளுக்குத் துல்லியத் தீர்வே கிடையாது. அங்கே கணினியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் அந்தக் கணினி சரியாகச் சொல்கிறது என்று எப்படித் தெரியும்? உண்மைச் சுனாமி வரும்வரை காத்திருந்து சோதிக்க முடியுமா? 1987-ல் சினோலாக்கிஸ் என்ற அறிஞர், சரிவான கரையில் தனியலை எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்குச் சூத்திரம் கண்டார். சுனாமி நிரல்களை உரசிப் பார்க்கும் உரைகற்களுள் அதுவும் ஒன்று. நிரல் தரும் விடை சூத்திரத்தோடு ஒத்துப்போனால்தான் அதை நம்பலாம். தீர்வு காணத் தெரிந்தவர்கள் இல்லாத நாட்டில் அந்த உரைகல்லை யார் செய்து கொடுப்பார்கள்?

எந்தச் சமன்பாட்டுக்குத் துல்லியத் தீர்வு இருக்கும், எதற்கு இராது என்று முன்னதாகவே அறிய முடியுமா? ஓரளவு முடியும். அச்சோதனைக்கு வித்திட்டவர் சோஃபியா கோவலெவ்ஸ்கயா என்ற ருஷியப் பெண்மணி. குழந்தைப் பருவத்தில் அவரது அறைச் சுவரில் ஒட்டத் தாள் போதாமல், பழைய கணித விரிவுரைத் தாள்களை ஒட்டினார்களாம். அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தார். பெர்லின் பல்கலைக்கழகம் பெண் என்பதால் சேர்க்கவில்லை. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் தனியாகச் சொல்லிக் கொடுத்தார். சுழலும் பம்பரத்தின் சமன்பாடு எந்த நிலையில் முழுமையாகத் தீரும் என்று அவர் எழுதிய கட்டுரை பெயர் மறைத்து நடந்த போட்டிக்குச் சென்றது. 1888-ல் பாரிஸ் அறிவியல் கழகம் அவருக்குப் பரிசளித்தது. கட்டுரையின் சிறப்பைக் கண்டு 3000 பிராங்க் பரிசை 5000 ஆக உயர்த்தியது. பெயரை மறைத்ததால் பரிசு வந்தது என்று எங்களுள் ஒருத்தி குறும்பாகச் சொன்னாள்! அவரது வழி பின்னர் பென்லவே சோதனையாக வளர்ந்தது. 1993-ல் லட்சுமணனும் சகதேவனும் அதனைக் கொண்டு பல அலைவுகளை ஆராய்ந்து நீண்ட கட்டுரை எழுதினர்.

எங்கள் வேண்டுகோள் பெரிதன்று. வகுப்பில் விடையை மட்டும் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போக வேண்டா. சூத்திரம் எப்படி வந்தது என்று கேட்க ஒரு பாடவேளையாவது தருவீர்களாக. பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். அண்ணனுக்கு முதல் பிரிவு, தங்கைக்கு "எது எளிதோ அது" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தீப்பெட்டி ஒட்டிச் சேர்த்த காசில் பள்ளிக்கு அனுப்பும் அம்மாக்களுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. தாங்கள் படிக்க முடியாமற் போனதை அவர்கள் மறக்கவில்லை. சொல்ல வேண்டியது மற்றவர்களுக்குத்தான்.

தேர்வு முடிவு வந்ததும் பிரிவு கேட்கும் படிவம் கைக்கு வரும். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர் முதல் பிரிவு என்று எழுதுவதாக முடிவு செய்துவிட்டோம். மேலும் நால்வர் வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.