நானூறு வார்த்தை போதுமா?

அமெரிக்காவில் ஹிஸ்பானிக் குடும்பங்களுக்கென்று நடக்கிற கல்வித் திட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே ஒரு பட்டியல் வந்து விழும். சின்னப் பிள்ளைகளுக்கு இது, தாய்மாருக்கு அது, கல்லூரிக்குப் போகிறவருக்கு உதவித்தொகை, வயல்வேலைக்கு ஊர் ஊராய்ப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு முதலாண்டுக் கல்லூரியில் கைகொடுக்கிற திட்டம். கேட்கிறவர் 'அடடா, எவ்வளவு செய்றாங்க' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்குப் பட்டியலில் அக்கறை இல்லை. யார் கேட்டு வந்தது, யார் கையில் இருக்கிறது, எதைத் தொடாமல் விட்டது? இந்த மூன்றையும் கேட்காமல் எந்தத் திட்டத்தையும் மெச்சுவதற்கில்லை.

முதலில் அந்தப் பேரே அவர்கள் வைத்துக்கொண்டதில்லை. 'ஹிஸ்பானிக்' என்பது 1970களில் அமெரிக்க அரசாங்கம் தன் கணக்குக்காக எடுத்துக்கொண்ட சொல். வசவாக இருந்த 'சிக்கானோ' என்ற சொல்லை 1960களில் மெக்சிக்க-அமெரிக்க இளைஞர்கள் எடுத்துத் தங்கள் பேராக்கிக்கொண்டார்கள். பேர் வைப்பது யார் என்கிற சண்டை நமக்கு ஒன்றும் புதுசில்லை.

1931 ஜனவரியில் கலிபோர்னியாவின் லெமன் குரோவ் என்ற ஊரில், மெக்சிக்கப் பிள்ளைகள் 75 பேரைப் பள்ளி வாசலிலேயே நிறுத்தி, தனியாகக் கட்டிய ஒரு கொட்டகைக்குப் போகச் சொன்னார்கள். பெற்றோர் அதற்கு வைத்த பேர் குதிரை லாயம். பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று நின்றார்கள், வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். நிர்வாகம் சொன்ன சாக்கு என்ன தெரியுமா? மொழி. யார் பேரில் வழக்குப் போனதோ அந்த ராபர்ட்டோ ஆல்வரஸ் என்ற பையன் அமெரிக்காவிலேயே பிறந்தவன், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவன்! அதே மாநிலத்தில் மெண்டஸ் குடும்பமும் இன்னும் நாலு குடும்பங்களும் போட்ட வழக்கு 1947இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தது.

இனி திட்டங்களுக்கு வருவோம். ஹூஸ்டனில் உணவுக்கடை வைத்து முன்னேறிய ஃபெலிக்ஸ் டிகெரினா என்பவர், லூலாக் என்ற மெக்சிக்க-அமெரிக்கர் அமைப்பின் தலைவராக இருந்தபோது 1957இல் ஒரு காரியம் தொடங்கினார். ஒன்றாம் வகுப்புக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு நானூறு ஆங்கில வார்த்தைகள் கற்றுக்கொடுப்பது. 'நானூறின் சிறு பள்ளி' என்றே பேர். ஆங்கிலம் தெரியாது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றாம் வகுப்பிலேயே வருடக்கணக்கில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அது பெரிய கைத்தாங்கல். 1959இல் டெக்சாஸ் அரசே அதைச் சட்டமாக்கி எடுத்துக்கொண்டது. சொந்தச் சனம் காசு போட்டு ஆரம்பித்த காரியம், அரசாங்கத்தையே பின்னால் வர வைத்தது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. ஐந்து வயசுப் பிள்ளை நானூறு வார்த்தை கற்க வேண்டும் என்றார்கள். சம்பளம் வாங்கும் வாத்தியார் நாற்பது ஸ்பானிய வார்த்தை கற்கட்டும் என்று எவரும் சொல்லவில்லையே. பள்ளி அப்படியே இருந்தது, பிள்ளைதான் மாற வேண்டியிருந்தது.

பள்ளியை மாற்றக் கிளம்பியவர்கள் கிரிஸ்டல் சிட்டிப் பிள்ளைகள். தெற்கு டெக்சாஸில் கீரை விளைகிற சின்ன ஊர். கீரை தின்று பலசாலியாகும் பாப்பாய் பொம்மைக்கு ஊர் நடுவில் சிலை இருக்கிறது. கீரை பறித்தவருக்கு இல்லை. சனத்தொகையில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் மெக்சிக்கர். பள்ளியிலும் அவர்களே பெரும்பான்மை. ஆனால் விளையாட்டுத் திடலில் உற்சாகமூட்டும் சியர்லீடர் பெண்களை வெள்ளை ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். வழக்கம் என்னவென்றால் மூன்று வெள்ளைப் பெண்கள், ஒரு மெக்சிக்கப் பெண். 1969இல் பிள்ளைகள் இதைக் கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே முன்னாள் மாணவர் சங்கம் இன்னொன்றைக் கொண்டுவந்தது. பள்ளி விழாவின் ராணியாக நிற்கிற பெண்ணின் தாயோ தகப்பனோ இதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டுமாம்.

இந்த விதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அதில் நிறம் இல்லை, இனம் இல்லை, 'மெக்சிக்கர் கூடாது' என்று ஒரு எழுத்து இல்லை. வெறும் 'தகுதி'. ஆனால் அந்தப் பெண்களின் தாய் தகப்பன் யார்? பீட்ரூட் வயலுக்கு வடக்கே போய்வந்து, பாதி வருடப் பள்ளியோடு படிப்பை விட்டவர்கள். தகப்பனுக்கு மறுத்ததை மகளுக்குக் குறையாக்குகிற விதி. பிறப்பைத் தகுதி என்று எழுதிக்கொள்ளும் இந்தச் சூட்சுமத்துக்கு எந்த ஊரிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

செவரிட்டா லாரா, டயானா செர்னா, மாரியோ ட்ரெவினோ என்ற மூன்று பேர் முன்னால் நின்றார்கள். 1969 டிசம்பரில் பிள்ளைகள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். சியர்லீடர் சண்டையோடு தொடங்கியது இருமொழிப் பாடம், தங்கள் வரலாறு, தங்களில் ஆசிரியர்கள் என்று வளர்ந்தது. தாய்மார் தடுக்கவில்லை, கூடவே வந்து நின்றார்கள். விடுமுறையில் வெளியூர் மெக்சிக்க-அமெரிக்க ஆசிரியர்கள் வந்து, பாடம் பின்தங்கிவிடாமல் சொல்லிக்கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் கல்வித் திட்டம் என்ற பேருக்கு உரியது அதுதான். 1970 ஜனவரியில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஏப்ரலில் ராசா உனிடா கட்சி பள்ளிக்குழுத் தேர்தலில் நின்று ஜெயித்தது. ஹோசே ஆங்கெல் குட்டியெரெஸ் குழுத் தலைவரானார். அந்தக் கட்சி அதே பத்தாண்டின் கடைசியில் சிதறிப்போனது, அது வேறு கதை. இருமொழிக் கல்வி வந்தது வந்ததுதான்.

'பொதுப் பள்ளி எல்லாருக்கும் ஒண்ணுதானே' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. டெக்சாஸின் சான் அந்தோனியோவில் எட்ஜ்வுட் என்ற மெக்சிக்கர் பகுதியும் அலமோ ஹைட்ஸ் என்ற பணக்கார வெள்ளையர் பகுதியும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. 1967-68இல் எட்ஜ்வுட் மக்கள் நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான். ஆனால் அந்த உள்ளூர் வரியிலிருந்து ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது எட்ஜ்வுட்டில் 26 டாலர், அலமோ ஹைட்ஸில் 333 டாலர். சொத்து மதிப்பு அப்படி. கூட வரி கட்டியவன் பிள்ளைக்குக் குறைவான பள்ளி! தகடு வேலை செய்த தொழிலாளி டெமெட்ரியோ ரோட்ரிகஸும் மற்றப் பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று கைவிரித்தது, கல்வி அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமை இல்லையாம். மாநில உச்சநீதிமன்றத்தில் எட்ஜ்வுட் ஜெயிக்க 1989 ஆனது. வழக்குப் போட்டபோது பள்ளியில் இருந்த பிள்ளைகள் அதற்குள் தாய் தகப்பனாகியிருப்பார்கள்.

அதே சான் அந்தோனியோவில் 1973இல் அவான்ஸே என்ற அமைப்பு தொடங்கியது. சின்னப் பிள்ளையோடு இருக்கும் ஏழைத் தாய்மாரைக் கூட்டி, பிள்ளை எப்படிக் கற்கிறது என்று சொல்லித்தருவது, கையால் விளையாட்டுப் பொருள் செய்ய வைப்பது. தாய்க்குப் பிள்ளை வளர்க்கப் பாடம் எடுப்பது என்றாலே எனக்குச் சந்தேகம் வரும். குற்றம் சட்டசபையில் இருக்கும்போது அடுப்படியில் போய்த் தேடுவானேன்? ஆனால் தாய் படிக்கும் நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும், வீட்டிலிருந்து கூட்டிவரவும் ஏற்பாடு செய்தார்கள். விட்டுப்போன பள்ளிப் படிப்பை அந்தத் தாய்மார் தாமே தொடரவும் வழி வைத்தார்கள். ஏழைப் பெண் ஏன் வகுப்புக்கு வருவதில்லை என்று யோசித்தவர்கள் செய்த வேலை, ஒத்துக்கொள்கிறேன்.

நியூயார்க்கில் அந்தோனியா பந்தோஹா 1961இல் அஸ்பிராவைத் தொடங்கியது போர்ட்டோரிக்கோப் பிள்ளைகளின் மன்றங்களாகத்தான். தலைமைப் பயிற்சி, கல்லூரிக்கு வழிகாட்டல் என்று போன அமைப்பு, அது போதாது என்று நகரக் கல்வி வாரியத்தையே நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1974இல் ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு ஸ்பானிய மொழியில் பாடம் தர வாரியம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. உதவி செய்கிற அமைப்பு சண்டையும் போடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இப்போது என்ன நடக்கிறது? 1975இல் டெக்சாஸ் ஒரு சட்டம் போட்டது. சட்டப்படி நாட்டுக்குள் வந்ததற்குக் காகிதம் இல்லாத பிள்ளைக்கு அரசுப் பணம் கிடையாது. டைலர் நகரப் பள்ளி வருடத்துக்கு 1,000 டாலர் கட்டச் சொன்னது. 1977இல் சில குடும்பங்கள் பேரை மறைத்து வழக்குப் போட்டன. விசாரணை விடியற்காலையில். அப்படியே நாடுகடத்திவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுச் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு நீதிமன்றம் வந்தவர்களும் உண்டு. 1982இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பை உடைக்கத்தான் இன்றைக்கு முயற்சி. 2025 ஜனவரியில், பள்ளி வளாகத்துக்குள் குடியேற்றப் பிடிப்பைத் தவிர்க்கும் கட்டுப்பாட்டை அமெரிக்க அரசு எடுத்துவிட்டது. ஏப்ரலில் டென்னசி மாநிலத்தின் செனட், காகிதம் இல்லாத பிள்ளையிடம் பள்ளி கட்டணம் கேட்கலாம், மறுத்தும் விடலாம் என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஜூனில், அப்படிப்பட்ட மாணவர்களுக்கும் உள்மாநிலக் கல்லூரிக் கட்டணம் என்று டெக்சாஸ் 2001இல் போட்ட சட்டம் நீதிமன்றத்தில் செத்தது. மத்திய அரசு வழக்குப் போட்ட அன்றைக்கே மாநில அரசு ஒத்துக்கொண்டுவிட்டது. எதிர்த்துப் பேச ஆளே இல்லாத வழக்கு.

ஆக, உதவித்தொகையும் தாய்மார் வகுப்பும் நடத்துகிற அமைப்புகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். டென்னசியில் அந்தப் பிள்ளைகளுக்காக யார் போய் நிற்கிறீர்கள்?